வலது பக்கம்

"இது மூணாவது தடவை," என்றார் டாக்டரம்மா, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி. "முதல் தடவைன்னா கட்டுப் போட்டு, பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்பிடுவேன். இனிமே ஆபரேஷன் பண்ணலைன்னா தோள் நழுவிக்கிட்டேதான் இருக்கும்."

கட்டிலில் அக்கா, வலது கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நழுவிய தோள்மூட்டை உள்ளே தள்ளியபோது அவள் போட்ட அலறல் தங்கையின் காதை விட்டு இன்னும் இறங்கவில்லை.

"பயிற்சியே போதும் டாக்டர். ஆபரேஷன் பண்ணி ஆறு வாரமெல்லாம் என்னால கையைக் கட்டிப்போட்டுக்கிட்டு இருக்க முடியாது."

"எப்படி நழுவிச்சு?"

"வழுக்கி விழுந்துட்டேன்."

டாக்டரம்மா அவள் மணிக்கட்டைப் பார்த்தார். ஐந்து விரலும் கருநீலமாகப் பதிந்திருந்தன. பிறகு நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்.

வாசலில் மாமா நின்றார். வந்ததிலிருந்து அதே இடம்தான். பாதி உடம்பு அறையில், பாதி வராந்தாவில். வலது கை கதவுக்கு அந்தப் பக்கம்.

ஓடுவதற்கு வசதியாக நிற்கிறார் என்று நினைத்தாள் தங்கை. ஆறு வாரம் வடித்துக்கொட்ட ஆளில்லாமல் போனால் புருஷன் துரைக்கு ஆகுமா? அதற்காகத்தான் அக்கா இந்தப் பாடு படுகிறாள்.

வெளியே சைரன் ஒலித்தது. மாமா ஒரு பக்கமாகத் தூக்கிப்போட்டதுபோல் அதிர்ந்தார்.

போலீஸ் என்று பயம்.

மூன்று வருடமாகத் தங்கைக்கு வெளியூர் வேலை, போனில் மட்டும் பேச்சு. ஒவ்வொரு முறையும் 'நல்லா இருக்கேன்டி' என்றே சொன்ன அக்கா.

"கையைப் பிடுங்கிப் போட்டுட்டு வாசல்ல காவலா மாமா? உங்க நாக்கை யாரு பிடுங்கினா?"

"கத்தாதேம்மா," என்றார் அவர், உதடு மட்டும் அசைய.

"கத்துவேன்! ஆஸ்பத்திரியே கேட்கட்டும்!"

மாமா மறுபடி அதிர்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை.

தங்கை நாலே எட்டில் போய்க் கதவை இழுத்துத் திறந்தாள்.

வராந்தாத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான் அக்கா மகன். பேச்சு வராத, சத்தத்துக்குப் பயப்படுகிற பிள்ளை. அவள் கடைசியாகப் பார்த்தபோது மார்பளவு இருந்தவன். இப்போது அப்பாவைவிட அகலமான தோள்கள். கண்களை இறுக மூடி, அப்பாவின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பற்றி, மொத்த பாரத்தையும் அதில் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தான்.

அவள் வாயை மூடினாள்.

"வலது கையைத் தவிர வேற கையைத் தொட மாட்டான்டி," என்றாள் அக்கா பின்னாலிருந்து. "ஆறு வாரம் இதைக் கட்டிப்போட்டா, இவர் வேலைக்குப் போன நேரத்துல எதைக் கொடுப்பேன்?"

வெளியே இன்னொரு சைரன் நெருங்கி வந்தது.

மாமா கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டார்.