அக்கா கொண்டு வந்த கிரீம் பன்

"ஒரே ஒரு கடி கடிச்சுக்கடா. அந்தம்மா அந்தப் பக்கம் திரும்பியிருக்காங்க."

அக்கா மேசைக்கு அடியில் கையை நீட்டினாள். கையில் கிரீம் பன். தம்பிக்காரன் மாஸ்டராக நிற்கும் அவனுடைய சொந்த பேக்கரியில் காலையில் சுட்டு இறக்கியதுதான். வெண்ணெய் வாசனை மூக்கைத் துளைத்தது.

தம்பிக்காரன் எச்சிலை விழுங்கிக்கொண்டான். தட்டில் இருந்த வேகவைத்த முட்டைக்கோஸை ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

மருத்துவமனையின் பத்தியச் சாப்பாட்டுக் கூடம் அது. அங்கே பக்கத்துத் தட்டைப் பார்த்து யாரும் பொறாமைப்பட முடியாது. குடலில் ஆபரேஷன் ஆனவருக்கு அடி தெரிகிற மாதிரி தெளிந்த சூப் மட்டும். வாதம் வந்து விழுங்கச் சிரமப்படும் அம்மாவுக்கு எல்லாமே மசித்த கூழ். சிறுநீரகம் கெட்ட டிரைவர் அண்ணனுக்கு உப்பே கிடையாது. காய்கறியைக்கூட வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் கொடுப்பார்கள். தம்பிக்காரனுக்கு எண்ணெய், வெண்ணெய், சர்க்கரை மூன்றுமே ஆகாது. பேக்கரிக்காரன் வீட்டுச் சாப்பாட்டை நம்ப முடியாது, மதியம் என் கண் முன்னால்தான் சாப்பிட வேண்டும் என்று டயட்டீஷியன் அம்மா சொல்லிவிட்டாள்.

"உனக்கு வேண்டாம்னா இந்தப் பக்கம் தள்ளிவிடு தம்பி," என்று டிரைவர் அண்ணன் கிசுகிசுத்தார். டயட்டீஷியன் அம்மா திரும்பிப் பார்த்ததும் அவர் தலை தானாகத் தட்டுக்குள் கவிழ்ந்தது.

அவள் கண்ணுக்குப் பன்னும் தப்பவில்லை. நேராக வந்து அக்காவின் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"ஏம்மா, இவருக்கு இதெல்லாம் விஷம்னு எத்தனை வாட்டி சொல்றது? இந்த ஆபரேஷன் நடக்கணுங்கற எண்ணம் உங்களுக்கு இருக்கா, இல்லையா?"

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். கல்லீரல் முழுக்கக் கொழுப்பு படிந்து கிடக்கிறது. அது கரைந்தால்தான் கத்தியைக் கையில் எடுப்பேன். ஆபரேஷன் இல்லாவிட்டால் உயிருக்கு நான் பொறுப்பில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது தம்பிக்காரனின் தவம். முதலில் தொப்பை வரும், பின்னால்தான் மாஸ்டர் வருவார் என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்டவன் ஸ்கூட்டரை மூலையில் நிறுத்திவிட்டு நடந்தே கடைக்குப் போனான். அடுப்படி வேலைகூட அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கிரீமை அடித்துவிட்டு அதை ருசி பார்க்காமல் இருப்பதுதான் உயிரை எடுத்தது. ருசி பார்க்கும் பொறுப்பைக் கடையில் உடன் வேலை செய்பவனிடம் விட்டுவிட்டு, அவன் முகம் மலர்கிறதா சுளிக்கிறதா என்று பார்த்தே சர்க்கரை அளவைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டான்.

எல்லாரையும் சமாளித்துவிட்டான். அக்காவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. படியேறி வந்து, மூச்சு வாங்க எதிரில் உட்காருவாள். ஒரு நாள் பன், ஒரு நாள் கேக், ஒரு நாள் பொரித்த கோழி. இப்படி வாயைக் கட்டி, துரும்பாக இளைத்து என்னத்தைச் சாதிக்கப் போகிறாய் என்று கரித்துக்கொட்டுவாள். சின்ன வயதில் இவனுக்கு ஊட்டிவிட்ட கை அது. தட்டிவிட மனசு வருமா? "அப்புறம் சாப்பிடறேன்க்கா," என்று மெதுவாக நகர்த்திவைப்பான். அவ்வளவுதான்.

கடைசிப் பரிசோதனைக்குப் போவதற்கு முன்னால்கூட அவள் விடவில்லை.

"பேசாம இதை விட்டுடுடா குண்டா. உன்னால முடியாது."

"முடியும்க்கா," என்றான். குரல் உயரவில்லை.

ஸ்கேன் எடுக்கும் அறைக்குள் போனான். வெளியே பெஞ்சில் அக்கா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். டயட்டீஷியன் அம்மாவும் தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்றாள்.

டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தபோதே அவர் முகத்தில் சேதி தெரிந்தது. கொழுப்பு கரைந்துவிட்டது, கல்லீரல் பளிச்சென்று இருக்கிறது, இத்தனை சீக்கிரத்தில் இப்படி இளைத்த ஒருவரை நான் பார்த்ததே இல்லை என்றார். உடனே அட்மிட் ஆகச் சொன்னார்.

பின்னாலேயே வந்த தம்பிக்காரன், இடுப்பில் நிற்காத பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை வானத்துக்குத் தூக்கினான். டயட்டீஷியன் அம்மா தன்னை மறந்து கைதட்டினாள். விஷயம் கூடத்துக்கு எட்டியதும் டிரைவர் அண்ணன் கரண்டியால் தட்டில் தாளம் போட ஆரம்பித்தது வராந்தா வரைக்கும் கேட்டது. அக்கா மட்டும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தம்பிக்காரன் ஒதுங்கி வழிவிட்டான். நாற்காலி அவனைத் தாண்டிப் போய் அக்காவின் முன்னால் நின்றது.

"எனக்காக உன் வயித்தைக் கிழிக்கக் கூடாதுன்னுதானேடா தினம் தினம் அந்தப் பன்னைத் தூக்கிட்டு வந்தேன்," என்று விம்மினாள் அக்கா.

"தெரியும்க்கா," என்று அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தான் தம்பிக்காரன். "என் கல்லீரல்ல பாதி இனிமே உன்னோடது, அதுல ஒரு சொட்டு வெண்ணெய்கூட கிடையாது."