சிவப்பு நூல்

பள்ளிக்கூடத்துக் கணப்படுப்பில் பிர்ச் கட்டைகள் சடசடவென்று எரிகின்றன. உக்ரைனின் இந்த ஊரைவிட்டு ஜெர்மன்காரன் ஓடி மூன்று மாதமாகிறது. விசாரிக்க வந்த அதிகாரி வெறும் சட்டையோடு உட்கார்ந்து எழுதுகிறார். எதிரே மோத்ரியா. அவளுக்குப் பின்னால் பெஞ்சு நிறைய ஊர்க்காரர்கள், சாட்சி சொல்லக் காத்திருக்கிறார்கள். ஒருவர்கூடக் கோட்டைக் கழற்றவில்லை. மோத்ரியாவின் நெற்றி வியர்வை மூக்கு நுனிவரை வழிந்து நிற்கிறது.

"செங்கல் சூளைப் பள்ளத்துலதாங்க ஐயா. யூதக் குடும்பம் ஒண்ணுகூடப் பாக்கியில்ல. தையல்காரர் மெயிலாக், அவர் பொண்டாட்டி ஸ்லாத்தா, ரெண்டு பொண்ணுங்க. வரிசையா நிக்கவெச்சுச் சுட்டானுங்க. எங்க மாட்டுக் கொட்டகையில இருந்து பாத்தேன்."

"உடுப்போடயா?"

"இல்லீங்க. அந்தப் பனியில அவுத்துப் போடச் சொன்னானுங்க, பாவிங்க."

பேனா நிற்கிறது. "அந்தத் துணியெல்லாம் எங்க போச்சு?"

பெஞ்சில் ஓர் இருமல் எழுந்து அடங்குகிறது. மெயிலாக் எந்தக் கோட்டைத் தைத்தாலும், உரியவர் பெயரின் முதலெழுத்தைக் காலருக்குள் சிவப்பு நூலில் போட்டுத்தான் கொடுப்பார். மோத்ரியாவின் பிடரியை உறுத்தும் எழுத்து ஸ்லாத்தாவுடையது.

"ஜெர்மன்காரன் வண்டியில அள்ளிட்டுப் போயிட்டான்" என்கிறாள்.

அதிகாரி எழுதிக்கொள்கிறார். பிறகு நிமிர்ந்து பார்க்கிறார். "வேர்த்துக் கொட்டுதேம்மா. கோட்டைக் கழட்டிட்டு நிதானமாச் சொல்லுங்க."

"குளிருதுங்க ஐயா." கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொள்கிறாள். பின்னால் பெஞ்சிலும் ஒவ்வொரு கையாகக் காலருக்குப் போகிறது.