புல்லுக்கு நான்கு பெயர்கள்

“அறுத்து முடிச்சாச்சு” என்று போனில் சொன்னபோது நான் இடுப்பளவு புல்லுக்கு நடுவே நின்றிருந்தேன்.

வாய் கூசவே இல்லை. பன்னிரண்டு நாளாக விடியுமுன்னே வந்து அறுத்ததில் நான் பாதித் தூக்கத்தில்தான் நடமாடினேன். ஆள் உயரக் காம்பு வைத்த அரிவாளைக் கை தானாக வீசும், கால் தானாக நகரும். பொய்யும் தானாக வந்துவிட்டது.

கீழ்ப்பாதிப் புல்வெளியை மூடுபனி மறைத்திருந்தது. அதற்குள்ளே நரின் ஆறு சர்ர், சர்ர் என்று இன்றைக்கு ஏனோ ரொம்பப் பக்கத்தில் ஓடியது. கேட்டுக்கொண்டே நின்றால் அப்படியே தூங்கிவிடலாம். போன் அடித்ததும் அந்தச் சத்தமும் அடங்கிவிட்டது போலிருந்தது.

என் வீட்டுக்காரர் தாலாய்தான். மூன்று நாளாகக் கூப்பிடவில்லை, எனக்குக் கோபம். மாஸ்கோவில் அவருக்கும் புல் வெட்டுகிற வேலைதான். தோளில் மிஷினை மாட்டிக்கொண்டு அடுக்குமாடி வீடுகளைச் சுற்றி வெட்டவேண்டும். இது நாலாவது கோடை.

“எல்லாமா? பாறைக்கு அந்தப் பக்கம்?”

“அதுவும்தான்.”

“அப்ப சொல்லு. முழுசா சொல்லு, பெர்மெத்.”

ஒவ்வொரு தடவையும் இதே பாட்டுதான். எங்களிடம் நிற்கிற புல்லுக்கு ஒரு பெயர், அறுபட்டு வரிசையாகப் படுத்த புல்லுக்கு ஒரு பெயர், புரட்டிப் போட்டால் வேறு, குவித்தால் வேறு. அங்கே வெட்டிய புல்லுக்கு ஒரே பெயர்தானாம். குப்பை. கறுப்புப் பையில் கட்டி லாரியில் ஏற்றிவிடுவார்களாம். முதல் தடவை கேட்டபோது, அந்த ஊர் மாடெல்லாம் என்னதான் தின்னும் என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

அந்தப் பெயர்களை என் வாயால் கேட்கவேண்டும் அவருக்கு. சொன்னேன். மேட்டில் குவித்தாகிவிட்டது. நடுவில் புரட்டிப் போட்டிருக்கிறேன். ஆற்றோரம் நேற்றுதான் படுத்தது, இன்னும் ஈரம் காயவில்லை.

உண்மையில் மேடு மட்டும்தான் முடிந்திருந்தது. மேற்கு மலையில் மழை கட்டியிருந்தது. மிச்சப் புல் கிடைக்காவிட்டால் பசுவும் குதிரையும் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது.

போன வாரமே கேட்டார். முடியவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல், கிளம்பி வந்துவிடுகிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கோடையில் பாதியில் விட்டுவிட்டு வந்தால் அடுத்த நாளே அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிடுவான். விழுங்கிவிட்டேன். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. அவர் வரவேண்டும் என்று உடம்பெல்லாம் ஏங்கியது.

“உங்க அரிவாள் ஆணியில காணோம்” என்றேன், பேச்சை மாற்ற. “அந்த சாபிர்தான் கேக்காம எடுத்துட்டுப் போயிருப்பான். பக்கத்து வீட்டுல நல்லா வாய்ச்சான் பாருங்க எனக்கு, திருட்டுப் பய!”

“சும்மா அவனைத் திட்டாதே, பாவம்.”

“இன்னிக்கு உங்க மிஷின் சத்தமே இல்லையே?”

“அதுக்கு லீவு. சரி, வரிசையெல்லாம் நேரா விழுந்திருக்கா?”

“சடை பின்னின மாதிரி.”

சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார்.

பிறகு போனுக்குள் தீட்டுக்கல் இரும்பில் உரசியது. மூன்று இழுப்பு, ஒரு தட்டு. மூன்று இழுப்பு, ஒரு தட்டு. எங்கள் பள்ளத்தாக்கில் அவரைத் தவிர வேறு யாரும் அப்படித் தீட்டுவதில்லை.

மிஷினுக்கு எதற்குத் தீட்டுக்கல்?

போனை அணைத்துப் பார்த்தேன்.

சத்தம் நிற்கவில்லை.