லூர்துத் தண்ணி

மாதாவின் தலையைத் திருகிக் கழற்றிவிட்டு நிலன் குழாயைத் திறந்தான். மாதா உருவத்தில் சாண் உயரப் பிளாஸ்டிக் போத்தல்; தலைதான் மூடி. கழுத்துவரை நிறைந்ததும் தலையைத் திருகி மூடி, ஈரம் துடைத்து, மேசையில் நிறுத்தினான். இனி இது லூர்துத் தண்ணீர்.

ஒஸ்லோவின் அந்தக் கோடி வெஸ்ட்லியிலிருந்து மாமி ரயிலில் புறப்பட்டுவிட்டாள். அவன் இருக்கும் ரொம்மனுக்கு இரண்டு தரிப்புத்தான். வந்ததும் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் முடிந்தது.

அவன் மனைவி சோபிகா இறந்து பதினான்கு மாதம். முதல் வருட ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு அவளுடைய தாய் தங்கேஸ்வரி மாமி அவனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"பிள்ளை ஆசுபத்திரியிலை கிடக்கேக்கை பிரான்சிலை இருக்கிற லூர்து மாதாவுக்கு நேர்த்திக்கடன் வைச்சனான். பிள்ளை போயிட்டாள், நேர்த்தி நிக்குது. இந்த முழங்காலோடை எனக்கு ஏலாது. நீங்கள் போய்த் தீர்த்துப்போட்டுத் தண்ணி எடுத்துக்கொண்டு வாங்கோ தம்பி."

வெறும் போத்தலையும் கையில் தந்தாள். அவள் வீட்டுச் சாமியறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாதாவுக்கு எப்போதும் இடம் இருந்தது.

வேறு எதற்கென்றாலும் நிலன் மறுத்திருப்பான். அந்த ஒரு வருடமாக வேலையும் வீடும்தான். செத்தவளுக்காக வைத்த நேர்த்தியை எப்படி மறுப்பது?

கூட வேலை செய்யும் ஆரபிதான், "நானும் வாறன்" என்றாள். "அந்தப் பக்கம் மலைக்கு மேலை ஒரு பழைய ஊர் இருக்காம். ஒரு நாள் அதைப் பாத்துட்டு லூர்துக்குப் போவம்."

தமிழ் முகங்கள் ஏதும் இருக்கலாம் என்று விமானத்தில் இருவரும் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்தார்கள். துலூஸ் விமான நிலையத்தில் வாடகைக் காரை எடுத்தால், லூர்து போகத் தென்மேற்கே திரும்ப வேண்டும். அவன் வடக்கே திருப்பினான்.

எண்ணூறு வருடத்துக் கல்மதில். ஒன்றுக்குள் ஒன்றாகக் கோட்டை வாசல்கள். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. செங்குத்தான கல்தெருவில் நின்று நின்று மூச்சு வாங்கி ஏறினார்கள்.

உச்சியில் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. இன்று வெள்ளிக்கிழமை, மரக்கறிதான் வேண்டும் என்று ஆரபி பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில் விளக்கினாள். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெகு பெருமையோடு ஒரு முழு வாத்துக் கழுத்தைக் கொண்டுவந்து வைத்தார். அவள் விழித்த விழியில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள்.

யாரென்று நிலன் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒருவரும் இல்லை.

"நாளைக்கு லூர்து" என்றான் அன்று மாலை. "ஓம், நாளைக்கு" என்றாள் ஆரபி. மறுநாள் மாலையும் அதையே சொன்னார்கள். மூன்றாம் நாள் விமானம் ஏறினார்கள்.

திரும்பி வந்தபின் சோபிகாவின் படத்தை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாமி கேட்டால் சொல்வதற்காக லூர்தைப் பற்றிய இரண்டு காணொளிகளை மட்டும் பார்த்து வைத்தான். ஆற்றங்கரை, சமதரையில் மாதாவின் குகைக்கெபி, மெழுகுதிரி வரிசை.

அழைப்புமணி அடித்தது. பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் நண்டுக்கறியோடு மாமி நின்றாள்.

"என்ன தம்பி, மெலிஞ்சு போனியள்? பிரான்சிலை சோறு விக்கிறேல்லையோ?"

"கிடைச்சதைச் சாப்பிட்டனான் மாமி."

"சனம் கூடவோ?"

"ஓம் மாமி. மெழுகுதிரி கொளுத்தவே ஒரு மணித்தியாலம்."

"கால் உளைஞ்சிருக்குமே. பொல்லாத ஏத்தமெல்லே?"

"ஓம்... ஏத்தந்தான்."

மாமி போத்தலை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். "முதலிலை பிள்ளையின்ரை படத்துக்குத் தெளிப்பம்" என்று எழுந்து, மாதாவின் தலையைத் திருகினாள்.

"வேண்டாம் மாமி!"

அவள் நின்றாள்.

"அது குழாய்த்தண்ணி. இப்பதான் பிடிச்சனான்." சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. "நான் லூர்துக்குப் போகேல்லை. வேறை ஊருக்குப் போனனான். தனியவும் போகேல்லை."

அந்தப் போத்தலாலேயே அவள் அடித்திருந்தாலும் நின்று வாங்கியிருப்பான். அவள் அடிக்கவில்லை. போத்தலை உயர்த்தி ஒரு மிடறு குடித்தாள்.

"ஒஸ்லோத் தண்ணிக்கு என்ன குறை? நல்ல தண்ணி." புறங்கையால் வாயைத் துடைத்தாள். "வாத்துக் கழுத்தைச் சாப்பிட்டு முடிச்சது நீங்களோ, அவளோ?"

"ஆரபியை... உங்களுக்குத் தெரியுமோ?"

"அவளின்ரை தாயும் நானும் இருபது வருசம் ஒரே பள்ளிக்கூடத்திலை துப்புரவு வேலை செய்தனாங்கள். பிளேனிலை தள்ளித் தள்ளி இருந்தியளாம்! நல்ல ஒளிச்சுப் பிடிச்சு விளையாட்டு." மாமியின் முகத்தில் சிரிப்பு வந்து போயிற்று. "அந்தக் கடையிலை நீங்கள் வாய்விட்டுச் சிரிச்சதெண்டு சொல்லி, அவள் போனிலை அழுதவள்."

நிலன் தலை குனிந்துகொண்டான். கண்ணில் நீர் முட்டியது.

"சோபிகாவுக்காக நீங்கள் வைச்ச நேர்த்தி, மாமி. அதைக்கூட நான் தீர்க்கேல்லை. இந்தப் பாவத்தை எங்கை கொண்டுபோய்க் கழுவுறது?"

மாமி கதிரையை இழுத்து அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"வேறை எதைச் சொன்னாலும் நீங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டிருக்க மாட்டியள். நான் நேர்த்தியே வைக்கேல்லை, தம்பி."