கரும்பொருள் சிக்கிய வாரம்

"ஏங்க, உங்க ஆளுங்க கண்டுபிடிச்சுட்டாங்களாம். இனிமே உங்களுக்கு அங்க என்ன வேலை?"

மனைவி பேப்பரை டீ டம்ளருக்குப் பக்கத்தில் போட்டாள். அவர் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது அவள் புத்தகத்தில் கற்றுக்கொண்ட எழுத்து. மகள் இப்போது காலேஜ். அவர் இன்னும் மூன்றாம் வகுப்பில்தான் இருக்கிறார்.

'கரும்பொருள் சிக்கியது! நிலத்தடி ஆய்வகம் மாபெரும் சாதனை!'

"அப்படி என்னதாங்க அது?"

"கண்ணுக்குத் தெரியாதாம். ஆனா இருக்குதாம்."

"நீங்க வீட்டு வேலை செய்யற மாதிரியா?"

அவர் டீயைக் குடித்தார். "நாலு வருஷம் முன்னாடியும் இப்படித்தான் போட்டாங்க. மறுமாசமே இல்லைன்னுட்டாங்க."

"இல்லைன்னு போட்டத நான் பாக்கவே இல்லையே?"

"அது பதினோராம் பக்கத்துல, மூக்குக்கண்ணாடி விளம்பரத்துக்குக் கீழ. சிக்கினாத்தான் முதல் பக்கம்."

"இந்தத் தடவை நெசமா இருந்துட்டா? அவ படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கு."

அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பழைய சுரங்கத்துக்குள் லிஃப்டில் இறங்கினால் ஆய்வகம். நடுவில், கரும்பொருளைப் பிடிக்க, மாடி வீடு அளவுக்கு ஒரு தொட்டி. தினம் ஒரு தடவை, முட்டி சம்மதிக்கிற நேரத்தில், அதைச் சுற்றி மெஷின் ஓட்டித் தரையைத் தேய்ப்பதுதான் அவர் வேலை. வந்ததும் வழக்கம்போலப் பதிவேட்டில் எழுதினார். எழுதி முடிக்க அரை மணி ஆயிற்று. மெஷினை இழுப்பதைவிடப் பேனாவை இழுப்பதுதான் அவருக்குப் பாரம்.

பிறகு விஞ்ஞானி மேடத்தின் மேசை முன்னால் போய் நின்றார்.

"மேடம், சிக்கிடுச்சாமே? எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

"நீங்களுமா அண்ணே? நான் 'இருக்கலாம்'னுதான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் பேப்பர்ல இடமில்லாம போச்சு." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா இந்தத் தடவை எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு. உறுதியாயிட்டா மார்ச்சோட இந்த இடத்த மூடிடலாம்."

அவள் உற்சாகமாகத் திரையைத் திருப்பினாள். நேர்கோட்டில் அங்கங்கே சின்னச் சின்ன மேடுகள்.

"தொட்டியில ஏதாவது வந்து இடிச்சாத்தான் இப்படி மேடு வரும். தினம் ஒண்ணு வருது. ஒருநாள் காலையில, ஒருநாள் சாயங்காலம்."

"லிஃப்ட் அதிருதோ என்னமோ?"

"அதெல்லாம் கழிச்சாச்சு. பம்பு ஓடுற நேரம், கழிச்சாச்சு. உங்க மெஷின் ஓடுற நேரத்தையும் பதிவேட்டப் பாத்துக் கழிச்சாச்சு. தினம் மூணுலேருந்து மூணரை, ஒரு நிமிஷம் முன்னப்பின்ன இல்ல! உங்கள மாதிரி எழுதுற ஆள் இங்க ஒருத்தர்கூட இல்ல அண்ணே. கட்டுரையில உங்க பதிவேட்டுக்குத் தனியா நன்றி சொல்லியிருக்கேன்."

அவர் பிடரியைச் சொறிந்துகொண்டார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் எழுத்தை ஒருவர் பாராட்டுகிறார். அதுவும் எந்த நேரத்தில்!

"மேடம், ஒண்ணு சொன்னா என்னை வேலைய விட்டுத் தூக்கிட மாட்டீங்களே?"

"சேச்சே, சொல்லுங்க."

"இந்த இடத்த மார்ச்சுல மூட வேண்டியதில்ல. இன்னும் பத்து வருஷம் நிம்மதியா தேடலாம்."

ஆணியில் தொங்கிய பதிவேட்டை எடுத்து வந்து, இந்த வாரப் பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார்.

அன்று திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணி. பதிவேட்டில் வரப்போகிற சனிக்கிழமை மூன்றரை மணி வரை தரை தேய்த்து முடித்தாகியிருந்தது.