ஆளுக்கொரு டப்பா

"யார் டப்பாவுல என்ன இருந்ததுன்னு அப்புறம் சொல்லலாம் டாக்டர். முதல்ல இவளுக்குக் கொழுப்பு எவ்வளவுன்னு சொல்லுங்க," என்றாள் அண்ணி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி.

"என்னுது கிடக்கட்டும். அண்ணியோடதச் சொல்லுங்க. அவங்க அம்மா இதே வயசுல நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்தவங்க, எழுந்திருக்கவே இல்லை," என்றாள் நாத்தனார்.

அண்ணிக்கு ஐம்பத்தைந்து வயது. தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை. இரண்டு வயது இளையவளான நாத்தனார், இருவரும் சேர்ந்து இருக்கும் வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். மாதவிடாய் நின்ற கையோடு இருவருக்கும் கொழுப்பு ஏறிவிட்டது. அந்த வயதுக்குப் பிறகு பெண்களின் இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது, சோயாவில் உள்ள சத்து அதற்கு உதவுமா என்று மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு மாதம் ஒரு டப்பா சோயாச் சத்துப் பொடி, மீதிப் பேருக்கு அதே மாதிரி டப்பாவில் வெறும் மாவு. யாருக்கு எது என்று ஒரு வருடம் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். இருவரும் சேர்ந்தார்கள். அந்த வருடம் முடிந்து, இன்றுதான் முடிவைச் சொல்கிறார்கள்.

டாக்டரம்மா சிரித்தார். "அண்ணி நாத்தனாருக்குள்ள இவ்வளவு ஒத்துமையா?"

"ஒரு காலத்துல எலியும் பூனையும்தான். இப்ப கடிக்கப் பல்லு இல்லை," என்றாள் அண்ணி.

டாக்டர் தாளைப் புரட்டினார். நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்குமே குறைஞ்சிருக்கு. இப்போதைக்கு மாத்திரைகூட வேண்டாம்."

அண்ணிக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வருடமாகப் படியேறும்போதெல்லாம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டவள் அவள். அப்பாடா என்று இப்போதுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "குறைஞ்சது சோயாவாலயா, நீங்க தினம் நடந்த நடையாலயான்னு ஆய்வுல இருந்த எல்லாரோட கணக்கும் பார்த்தாத்தான் தெரியும். ஆனா ஒண்ணு எனக்குப் புரியலை. அண்ணி, உங்க டப்பாவுல இருந்தது வெறும் மாவு. உங்க நாத்தனார் டப்பாவுலதான் சோயாச் சத்து. அந்தச் சத்து ரெண்டு பேர் ரத்தத்துலயும் இருக்கு. அதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவுல. எப்படி?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயே சொல்லு."

"யோசனை உங்களுது அண்ணி. நீங்களே சொல்லுங்க."

அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்க டாக்டர். எனக்குச் சத்து வந்து, இவளுக்கு வெறும் மாவு போச்சுன்னா எனக்கு அது தொண்டையில இறங்குமா? அதான் மாசாமாசம் டப்பா வாங்கின கையோட ரெண்டையும் ஒரே பாத்திரத்துல கொட்டிக் கலந்து, ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டோம்."