பால் கட்டிய சிறுத்தை

தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பின்புறம் திரிந்த ஒன்பது பூனைகளுக்கு நர்ஸ் ரெஜினா தினமும் மீன்சோறு வைத்து வந்தாள். யாரும் வளர்க்காத பூனைகள். சோறு போடும் அவளையே கிட்ட விடாதவை. ஒரே மாதத்தில் ஒன்பது, ஐந்தாகிவிட்டது. ஈரமண்ணில் பதிந்திருந்த சிறுத்தையின் கால்தடத்தைக் காட்டி, வனக்காவலர் மாரிச்சாமி கெஞ்சினார்.

"சோத்த நிறுத்துங்க சிஸ்டர். பூனைங்க தானா கலைஞ்சு போயிரும். இல்லன்னா சிறுத்தை இங்கயே பழகிரும்."

"வாயில்லா ஜீவன பட்டினி போடச் சொல்றீங்களா?" என்றாள் ரெஜினா. மறுநாள் இரண்டு கை கூடுதலாகவே வைத்தாள்.

பிள்ளைகளை வெளியே விடப் பயந்த தொழிலாளர் லைன் வீட்டுக்காரர்கள் வனத்துறைக்கு மனுக் கொடுத்தார்கள். கூண்டு வந்தது. மூன்றாம் நாள் காலையில் சிறுத்தை அதற்குள் கிடந்தது. கம்பியைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தம். கூண்டை லாரியில் ஏற்றும்போது அதன் அடிவயிறு தெரிந்தது. காம்புகள் பால் கட்டிப் புடைத்திருந்தன. எத்தனையோ பிரசவம் பார்த்த ரெஜினாவுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"குட்டி இங்கதான் எங்கயோ இருக்கு! வண்டிய நிறுத்துங்க!" என்று ஓடினாள்.

மாரிச்சாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மேலிடத்து உத்தரவு சிஸ்டர். நாங்க தேடுறோம்."

லாரி வளைவில் திரும்பி மறைந்தது. அன்று ரெஜினா வேலைக்குப் போகவில்லை. தேயிலைச் செடிகளை விலக்கி விலக்கி அந்திவரை நடந்தாள். சரிவின் கீழே எங்கோ மெல்லிய கத்தல் கேட்டது. பூனைக்குட்டியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இறங்கினாள்.